சுரினாமில் தக்காளி போட்ட வருஷம்

தீவின் தெற்குக் கோடியில், சுரினாம் என்ற எங்கள் கிராமத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக நிலம் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில் கரும்பைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. என் அக்கா வாழ்க்கைப்பட்டது தலைநகரான போர்ட் லூயிஸில், டிராங்கெபார் என்ற பேட்டையில். அவள் வீட்டுக்குப் பின்னால் மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எங்கள் மாட்டுக் கொட்டகையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதில் கீரையும் கொத்தமல்லியும் போட்டாள். விடிந்ததும் அறுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தே போவாள். வெயில் ஏறுவதற்குள் விற்றுவிட்டுத் திரும்பிவிடுவாள். அந்தக் கீரையால் அவள் பிள்ளைகள் மூவரும் படித்தார்கள். என் பிள்ளைகள் கரும்பு வெட்டுக் காலத்தில் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா அந்தக் கையகல எடத்துல கீரை போட்டே பொழைக்கிறா. நம்ம மண்ணுக்கு என்ன கொறச்சல்?" என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் அவர் மண்வெட்டியை எடுத்துப் போய்ப் பாதி நிலத்தின் கரும்புக் கட்டைகளைத் தோண்டி எறிந்தார். தக்காளி போட்டோம். ஊரில் அதைப் பொம்தமூர் என்போம். கரும்புக் கடலுக்கு நடுவே எங்கள் செடிகள் மட்டும் குட்டையாக நின்றன. காய்ப்பு நாங்கள் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

பறித்த அன்று காலையில் பெட்டிகளோடு சாலையில் நின்றோம். பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஆளுங்க ஏறவே எடமில்ல. இத்தனையும் எங்க வைக்கிறது?" என்று சொல்லிவிட்டு மணியை இழுத்தார். எங்கள் பக்கத்தில் காய்கறி ஏற்றும் லாரி ஏது? எல்லாரும் கரும்புக்காரர்கள். கடைசியில் சாமான் ஏற்றிப் போன ஒரு லாரிக்காரர் ஒப்புக்கொண்டார். தன் மூட்டைகளை ஊர் ஊராக இறக்கிய பிறகுதான் அவர் போர்ட் லூயிஸுக்கு வண்டியை விட்டார்.

நாங்கள் போனபோது சந்தையில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மொத்த வியாபாரி ஒரு பழத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். தோல் கிழிந்து சாறு வழிந்தது.

"காலையில கொண்டு வந்திருக்கணும்."

"சுரினாம்லேர்ந்து காலையில எப்படிங்க வர்றது?" என்றார் கணவர்.

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு தள்ளுவண்டி பிடித்துப் பெட்டிகளை அக்கா வீட்டுக்குக் கொண்டு போனோம். அக்காவின் கணவர் அவற்றைத் திறந்து பார்த்தார். "தூரத்துல இருக்கறவன் பூசணி போடணும், சக்கரவள்ளி போடணும் தம்பி. பத்து நாள் கெடந்தாலும் கெடாது. பொம்தமூர் எங்கள மாதிரிப் பக்கத்துல இருக்கறவனுக்கு."

அவர் சொன்னது சரிதான். அதனாலேயே என் கணவர் அந்த வீட்டில் சாப்பிடவில்லை. அக்கா நசுங்கியதைத் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். வரும்போது ஒரு கட்டுக் கீரையை என் கையில் திணித்தாள்.

"உன் பேச்சக் கேட்டேன்" என்றார் கணவர், பஸ்ஸில். அதற்குப் பிறகு என்னோடு நிலத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

மறுபடி கரும்பு. சில வருஷங்களில் எங்களுக்குப் பக்கத்திலிருந்த ஆலையை மூடிவிட்டார்கள். இனி தொலைவிலுள்ள ஆலைக்குப் போக வேண்டும். அங்கே தோட்டத்துரையின் கரும்புதான் முதலில் ஏறும். எங்களுடையது வெட்டிப் போட்டபடி மூன்று நாள், நான்கு நாள் வெயிலில் கிடந்து சாறு வற்றும். என் கணவர் தொப்பியோடு அதன் பக்கத்திலேயே, நோயாளிக்குக் காவல் இருப்பவர்போல உட்கார்ந்திருப்பார். "பூசணி போட்டுப் பாக்கலாமே" என்று ஒரு முறை சொன்னேன். "நீ பேசாம இரு" என்றார். இரண்டு அறுவடை போனதும் நிலத்தைத் தோட்டத்துக்கே விற்றுவிட்டு, அதே நிலத்தில் தினக்கூலிக்குக் கரும்பு வெட்டப் போனார்.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வந்ததற்கு முந்தின வருஷம் அக்கா ஒரு வாரம் தங்கப் போவதாக மூட்டையோடு வந்தாள். பட்டணம் மலையடிவாரம்வரை ஏறிவிட்டது. கீரைப் பாத்தியை அழித்து நிரவி, வாடகைக்கு விட அறைகள் கட்டுகிறாராம் நிலத்துக்காரர்.

"இந்த எடத்துல இனிமே கீரையான்னு கேக்கறான்" என்று என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

நான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். எனக்குள்ளே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. அவள் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள்.