சுண்ணாம்புப் பொட்டு வைத்த முந்திரி

என் அண்ணிக்கு ஊரில் பூதக்கண்ணாடி என்று பெயர். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை முகர்ந்து பார்த்துத்தான் அடுப்பில் வைப்பாள். அண்ணன் போன பிறகு இந்தக் குணம் முற்றிவிட்டது. அவளுக்கென்று இருப்பது ஒரே ஒரு முந்திரித் தோப்பு. பக்கத்துத் தோப்பு என்னுடையது, நடுவில் முள்வேலி. வேலியோரம் நான் நின்றாலே அவளும் வந்து நின்றுவிடுவாள்.

திருட்டுக்குப் பயந்து, பழம் நிறம் மாறும் முன்பே பறித்துவிடுவாள். இங்கே எல்லோருமே அப்படித்தான். பிஞ்சுக் கொட்டைக்குள் பருப்பு ஏது? வியாபாரி ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போடுவார். பாதி மிதக்கும். அதைக் காட்டி விலையைக் குறைப்பார். கூடவே, "தோப்பப் பத்து வருஷம் எனக்குக் குத்தகைக்கு விட்டுடுங்கம்மா" என்று நச்சரிப்பார்.

இந்த நேரத்தில் விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் வந்தார்.

"பறிக்காதீங்கக்கா. பழுத்துத் தானா விழட்டும், தினமும் பொறுக்குங்க. மூணு மரத்துல மட்டும் செஞ்சு பாருங்க."

"விழுற வரைக்கும் விட்டா, பொறுக்குறது நானா இருக்க மாட்டேனே," என்றாள் அண்ணி, என்னைப் பார்த்துக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவன் பெண்டாட்டி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியில் சம்மதித்தாள். மூன்று மரத்தில் பறிப்பது, அதே வயதுள்ள வேறு மூன்றை விட்டுவைப்பது. விட்டுவைத்ததில் எடை கூடாவிட்டால் தோப்பை வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவது. அதோடு நின்றாளா? திருடு போனால் அடையாளம் தெரியட்டும் என்று ஏணி போட்டு ஏறி, விட்டுவைத்த மரங்களில் தொங்கிய கொட்டைக்கெல்லாம் சுண்ணாம்பால் பொட்டு வைத்தாள். ஊரே சிரித்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவள் நான்.

எடை போடும் நாள் வந்தது. தானாக விழுந்த கொட்டைகளை வாளித் தண்ணீரில் போட்டால் ஒன்றுகூட மிதக்கவில்லை. ஆனால் தராசில் ஏற்றினால், பறித்ததைவிடக் குறைவு. பயிற்சியம்மாவின் முகம் தொங்கிவிட்டது.

"பரவால்ல விடுங்க," என்றாள் அண்ணி. "நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். என்னால இனிமே முடியாது."

யார் மேலும் சந்தேகப்படவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த மூன்றில் ஒரு மரம் வேலியோரம் நின்றது. அதன் பெரிய கிளைகள் என் பக்கம் சாய்ந்திருந்தன. என் மண்ணில் விழுந்தது எனக்குத்தான் என்று தினமும் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொட்டு கண்ணில் படாமலா இருந்தது?

வீட்டுக்குப் போய்ச் சாக்கைத் தூக்கி வந்து தராசில் வைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. பறித்ததன் எடையைத் தாண்டி முள் ஓடியது.

அண்ணி ஒரு கொட்டையை எடுத்துப் பொட்டைத் தேய்த்துப் பார்த்தாள். நான் எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன்.

"குத்தகைக்கு இல்லன்னு வியாபாரிகிட்ட நீயே போய்ச் சொல்லிட்டு வா," என்றாள்.

அடுத்த பருவத்தில் எந்த மரத்திலும் பறிக்கவில்லை. வேலியோரம் பொறுக்கிக் கொடுக்கும் வேலையை என்னிடமே விட்டாள். என் பக்கம் சாய்ந்த கிளைகளில் மட்டும் கொட்டைக்கு இரண்டு பொட்டு.