சங்கிலி சொன்ன கியாரண்டி

பழங்காநத்தத்தில் மோட்டார் கடை வைத்திருக்கும் சங்கிலி படித்தது நாலாம் வகுப்பு. கூலிக்கு நாற்றுப் பறித்த வீட்டுப் பிள்ளை, இன்றைக்குச் சொந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எரிந்த மோட்டாரை மோந்து பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவார்; பிறகு மீட்டரோடு வரும் என்ஜினியர்களும் அதையேதான் சொல்வார்கள்.

மோட்டார் விற்கும்போது அதன் முன்னால் சூடம் ஏற்றி, வாங்குகிறவர் கண்ணெதிரே, "ஒரு வருசம் கியாரண்டி" என்று சொல்லிக் கொடுப்பது அவர் வழக்கம்.

போன ஆவணியில் செக்கானூரணிப் பக்கமிருந்து தங்கப்பொண்ணு லோடு ஆட்டோவில் வந்து எரிந்த மோட்டாரை இறக்கினாள். வாங்கி ஏழே மாதம்.

"நாத்து நாலு நாளாத் தண்ணி பாக்கலண்ணே. புதுசு மாத்திக் குடுங்க."

கடையிலிருந்த மோட்டார் கம்பெனி ஆள் ராஜகுரு, மோட்டாரோடு கொடுத்திருந்த அட்டையை அவளிடம் வாங்கிப் பார்த்தார்.

"இதுல வாரண்டின்னுதாம்மா இருக்கு. கியாரண்டின்னா புதுசு தரணும். வாரண்டின்னா ரிப்பேர்தான். கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போய் வரப் பதினஞ்சு நாளாகும்."

"அதுக்குள்ள நாத்து கருகிப் போகும். சூடம் ஏத்திச் சொன்னது யாரு, இவரா, இந்த அட்டையா?"

சங்கிலிக்கு முகம் சுருங்கியது. இரண்டும் ஒன்றுதான் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தார்.

"வாய்தவறிச் சொல்லிட்டேன்னு சொல்லிருங்கண்ணே, முடிஞ்சுச்சு" என்று ராஜகுரு காதோரம் சொன்னார்.

வாய்தவறியா? அப்படிச் சொன்னால் அப்புறம் எந்த ஊர்க்காரன் சங்கிலி பேச்சை நம்பி மோட்டார் வாங்குவான்? எழுந்து போய்ப் புது மோட்டார் ஒன்றைத் தானே தூக்கி வந்தார்.

"இந்தா தாயி, கொண்டு போ. எரிஞ்சது இனி என்னுது. தம்பி, அதை எம் பேர்ல ரிப்பேருக்கு எழுதிக்க. உங்க வாரண்டி எனக்கு, என் கியாரண்டி இந்தப் புள்ளைக்கு."

"எல்லாருக்கும் இப்படித் தூக்கிக் குடுத்தா கடை என்னத்துக்குண்ணே ஆகும்?"

"முப்பது வருசத்துல நான் வித்ததுல கியாரண்டிக்குள்ள திரும்பி வந்தது இது ஒண்ணுதான். நான் பாத்து விக்கிற மோட்டார் அம்புட்டு லேசுல எரியாதுப்பா."

"அப்ப இது என்ன, குளிர் காஞ்சுச்சாண்ணே?" என்றாள் தங்கப்பொண்ணு. சங்கிலிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது. பேச்சில்லை, குழாய்ப் பக்கத்தில் போனைப் பிடித்திருந்தாள் போல, தண்ணீர் கொட்டுகிற சத்தம்தான். டீ குடித்துக்கொண்டிருந்த ராஜகுருவின் முன்னால் சங்கிலி அதை ஸ்பீக்கரில் போட்டு வைத்தார்.

"நல்லாக் கேட்டுக்க தம்பி" என்றார்.