முகூர்த்த நாளில் வந்த வெள்ளம்

மேகமே இல்லாத வைகாசிக் காலையில் கல்யாண மண்டபத்துக்குள் வெள்ளத்தை விட்ட இன்ஜினியரம்மா என்று எங்கள் வட்டாரத்தில் என்னை இன்னமும் சொல்கிறார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. வாரியா, வண்டிப்பாதையா?

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு பேரூராட்சியில் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். ஊருக்கு மேற்கே மேட்டில் பெய்யும் மழை, வாரி என்கிற மழைநீர் ஓடை வழியாக ஊரைக் கடந்து, கிழக்கே ஆவூர் ரோட்டுப் பக்கம் உள்ள கண்மாயில் போய்ச் சேர வேண்டும். பழைய வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால், வாரி இருக்க வேண்டிய இடத்தில் கதிரேசன் என்பவரின் கல்யாண மண்டபம் நின்றது.

"இங்க ஏதுங்க வாரி? இது எங்க தாத்தா காலத்து வண்டிப்பாதை" என்பார் கதிரேசன்.

மண்டபத்தை ஒட்டிய தெருவில் செல்வராணி என்ற தையற்காரப் பெண் இருந்தார். ஐப்பசி வந்தால் தையல் மெஷினைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு, அவரும் கட்டில்மேல் உட்கார்ந்துகொள்வார். தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட்டுகள் ஒரு வருடம் சேற்றில் மிதந்தன. "வாரித் தண்ணிதான் மேடம். மழை இருட்டிக்கிட்டு வந்தாப் போதும், அண்ணன் மண்டபத்து கேட்ல மணல் மூட்டைய அடுக்கிருவாரு. அது இங்கிட்டுத் திரும்பிருது" என்பார்.

மழைநீர் வடிகால் திட்ட அறிக்கை தயாரிக்கத் திருச்சியிலிருந்து ஒரு கன்சல்டன்ட் தம்பி வந்திருந்தார். அவருடைய கம்ப்யூட்டர் மாடலில் தண்ணீர் செல்வராணி தெரு வழியாகவே இயற்கையாக ஓடுவதாக அம்புக்குறி காட்டியது. வாரி கிடையாது என்று கதிரேசன் சொன்னதை நம்பி அவர் அதை மாடலில் சேர்க்கவே இல்லை. அந்த அறிக்கை அப்படியே மேலிடத்துக்குப் போய்விட்டால் செல்வராணியின் தெருவே இனி வாரி ஆகிவிடும்.

பேரூராட்சி ஆபீஸ் கூட்டத்தில் கதிரேசன், செல்வராணி, கன்சல்டன்ட் தம்பி மூன்று பேரும் கத்தினார்கள். எங்கள் பேரூராட்சிச் செயல் அலுவலர் கையைத் தூக்கினார்.

"எதுக்குச் சண்டை? தண்ணியவே கேட்டுருவோம். டேங்கர் லாரியில கொண்டாந்து மேட்டுல ஊத்துங்க. எங்கிட்டுப் போகுதுன்னு பார்ப்போம்."

2. வெள்ளத்துக்குப் பாதுகாப்பு

லாரிகள் கிடைக்கிற நாளைப் பார்த்தோமே தவிர, காலண்டரில் அது முகூர்த்த நாளா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பயன்படாத கல்குவாரிப் பள்ளத்துத் தண்ணீரை லாரிகளில் ஏற்றி மேட்டில் வரிசையாக நிறுத்தினோம். ஊரில் குடிதண்ணீருக்கே தட்டுப்பாடு. முதல் லாரியின் வால்வைத் திறந்ததும் எங்கிருந்தோ குடங்கள் வந்தன. வெள்ளம் தரையில் விழவே இல்லை. எல்லாம் குடத்துக்குள் போய்விட்டது.

"குடிக்கிற தண்ணி இல்லங்க, குவாரித் தண்ணி!" என்று டிரைவர் கத்தினார்.

"துணி தொவைக்க ஆகும்ல?" என்று ஓர் அம்மா அடுத்த குடத்தை வைத்தார்.

"ஏங்க, இது வெள்ளம்ங்க! இத விட்டாத்தான் ஊருக்கு நல்லது" என்று நான் கெஞ்சினேன்.

"வெள்ளம்னா எங்க தெருவுக்கும் ஒரு லாரி அனுப்புங்க" என்றார் பின்னால் நின்றவர்.

செயல் அலுவலர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். மக்களிடமிருந்து வெள்ளத்தைக் காப்பாற்ற போலீஸ் வந்தது. கயிறு கட்டி ஜனங்களை ஒதுக்கிய பிறகு, மீதி லாரிகளை ஒரே சமயத்தில் திறந்தோம். தண்ணீர் திரண்டு சரிவில் இறங்கியது. கன்சல்டன்ட் தம்பி செல்போனில் படம் எடுத்தபடி கூடவே ஓடினார். செல்வராணி தன் வாசலில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றார். தெரு முனையில் தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு, வாழை மரம் கட்டித் திறந்து கிடந்த மண்டபத்து கேட்டுக்குள் நேராகப் போனது. மழையில்லாத நாளில் மணல் மூட்டை எதற்கு அடுக்குவார்கள்?

சாப்பாட்டு ஹால் கீழ்த்தளத்தில் இருந்தது.

3. பந்தி

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கணுக்கால் அளவு தண்ணீர். இலை போட்டாகிவிட்டது. எழுந்து ஓடியவர்கள் பாதி. மீதிப்பேர் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒரு பெரியவர் பரிமாறுகிறவரை அதட்டினார்: "தண்ணி அதுபாட்டுக்குப் போகட்டும்யா. ஒனக்கென்ன? பாயசத்தக் கொண்டா."

கன்சல்டன்ட் தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், மாடல்ல இது வரவே இல்ல."

"மாடல்ல வரல தம்பி, பந்திக்கு வந்துருச்சே" என்றார் செயல் அலுவலர்.

தகவல் தெரிந்து தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். கதிரேசன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றார்.

"எனக்கு வெள்ள நிவாரணம் வேணுங்க."

"மழையே பெய்யலையே. மழை இல்லாம எப்படிங்க வெள்ள நிவாரணம் எழுதுறது?"

"மழை எதுக்குங்க? வாரித் தண்ணி பூராவும் எம் மண்டபத்துக்குள்ளல்ல வந்து நிக்கிது!"

செல்வராணி கூட்டத்திலிருந்து மெதுவாகக் கேட்டார்: "எந்த வாரிண்ணே?"

மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். கதிரேசன், பாயசம் வந்துவிட்டதா என்று பார்க்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டார்.

அறிக்கையைத் திருத்தினோம். மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் வாரியின் பழைய தடத்திலேயே பாக்ஸ் கல்வெர்ட் என்கிற மூடிய கான்கிரீட் வாய்க்கால் கட்டுவது என்று முடிவானது. கதிரேசன் தடுக்கவில்லை. அடுத்த முகூர்த்தங்களுக்கு யாரும் மண்டபம் பிடிக்க வரவில்லை என்பதால், தினமும் ஆபீசுக்கு வந்து, "எங்க வாரி வேலைய எப்பங்க ஆரம்பிக்கப் போறீங்க?" என்று அவரே நச்சரித்தார். ஆவணிக்குள் வேலையை முடித்தோம்.

4. கடைசிப் போன்

ஐப்பசியில் நல்ல மழை. காலையில் செல்வராணி போன் செய்தார். "மேடம், தெருவுல கால் நனையல. மெஷின கீழதான் வச்சிருக்கேன்." அவர் குரலில் அழுகை இருந்தது. ஒரு திட்டம் பலித்தால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

போனை வைத்ததும் அடுத்த அழைப்பு. ஆவூர் ரோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர்.

"யம்மா, கம்மாய்க்குள்ள தண்ணி வந்துருச்சு!"

"கம்மாய்க்குள்ள தண்ணிதானேங்க வரணும்?"

"அது எங்களுக்குத் தெரியாதா? எத்தன வருசமா வராத தண்ணி! ஒரு வார்த்த சொல்லிட்டு விட்டிருக்கலாம்ல? கடலை புடுங்கப் பத்து நாள்தான் கெடந்துச்சு."

போய்ப் பார்த்தேன். காய்ந்த கண்மாய்க்குள் கடலை போட்டிருந்தார்கள். அவர் முழங்கால் தண்ணீரில் குனிந்து கொத்துக் கொத்தாகப் பிடுங்கி, தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கரையேறினார். கண்மாய்க்குள் விதைத்தது தவறு என்று சட்டம் பேசலாம். ஆனால் புடவையைச் செருகிக்கொண்டு நானும் இறங்கிப் பிடுங்கினேன்.

"கெணறெல்லாம் ஊறிரும், நல்லதுதான்" என்றார் அவர் சாயங்காலம். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஆனா சொல்லிட்டு அனுப்பணும்."

வெள்ளத்தை யாராலும் ஒழிக்க முடியாது. ஒருவர் வாசலிலிருந்து எடுத்து அடுத்தவர் வாசலுக்கு அனுப்புகிறோம், அவ்வளவுதான். ஆகவே பிள்ளைகளே, நிலத்தின் மேடுபள்ளம் பார்க்க லெவல் எடுக்கும் முன், மாடல் போடும் முன், தண்ணீர் கடைசியாக எங்கே போய் நிற்குமோ அங்கே இருப்பவரின் போன் நம்பரை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.