ஏழு பூச்சுப் பேனா

எஸ்டேட்டில் பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைச் செடிகளின் தண்டைக் கடைந்து பேனா செய்வது, ஓய்வு பெற்றபின் எனக்குப் பிடித்துப்போன வேலை. பூச்சுதான் உயிரை எடுத்தது. அரக்குப் பாலிஷ் குன்னூர் மழையில் வெள்ளை பூத்தது. தேன்மெழுகு, இலை எடை போடும் என் நண்பரின் ஈரக் கையில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கடைசியில் சூப்பர் குளூவை ஏழு முறை பூசி, ஒவ்வொரு முறையும் உப்புத்தாளால் தேய்த்து, அந்தப் பேனாவை அவரிடம் கொடுத்தேன். மழைக்காலம் முடிந்தும் அதில் ஒரு கீறல் இல்லை; கண்ணாடி போல வழவழவென்று மின்னியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“பிளாஸ்டிக்னாலும் நல்லா உழைக்குதுங்க,” என்றார் அவர். “ஆனா முன்னாடி குடுத்தீங்களே, அந்த மாதிரி மரத்துல ஒண்ணு செஞ்சு குடுங்க.”

சிரித்துக்கொண்டே தேன்மெழுகு டப்பாவைத் தேடி எடுத்தேன். இப்போது அந்தப் புதுப் பேனாவுக்கு வாராவாரம் மெழுகு பூசிக்கொள்ள வருகிறார். டீ குடித்துவிட்டுத்தான் போகிறார்.