வேதமும் மரபும் ஒரே வீட்டில்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உங்களில் பாதிப் பேர் அம்மாவின் ஆன்மா இளைப்பாற ஒரு செபம் சொல்லியிருப்பீர்கள். மறுபாதிப் பேர் அம்மாவைத் தந்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லி, இறந்தவருக்காக ஜெபிப்பது முறையல்ல என்று அத்துடன் நிறுத்தியிருப்பீர்கள். இரு சாராரும் எங்களுக்கு வேண்டியவர்களே. உங்கள் இரு சாராரையும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, வாதாடி, சிரித்து வாழ்ந்தவர் எங்கள் அம்மா.

அம்மா நெய்யூருக்குப் பக்கத்தில் ஒரு சீர்திருத்த சபைக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பள்ளி ஆசிரியரான தாத்தா, அம்மா பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்பே காலமானார். அம்மா செவிலியர் படிப்பு படித்து, வேலைக்குச் சேர்ந்து, தம்பிகள் இருவரையும் ஆளாக்கினார். அதன் பிறகுதான் தமக்கென்று ஒரு பட்டுச்சேலை எடுத்தார் என்று மாமாமார் இன்றும் சொல்வார்கள்.

அப்பா மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் மின்பணியாளர். பக்கத்துக் கடற்கரை ஊர்க் கத்தோலிக்கர். ஸ்கூட்டரில் இருந்து விழுந்து தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். எக்ஸ்ரே எடுக்கக் கழுத்தில் கிடந்த அந்தோணியார் பதக்கத்தைக் கழற்றச் சொன்னார் அம்மா. அப்பா மறுத்தார்.

"இதக் கழுத்துல போடணும்னு வேதத்துல எங்க எழுதிருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"எக்ஸ்ரே எடுக்கணும்னு எங்க எழுதிருக்கு சிஸ்டர்?"

அம்மா சிரித்துவிட்டார். அப்பா பதக்கத்தைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார்.

அந்தச் சிரிப்பு கல்யாணத்தில் முடிய மூன்று ஆண்டுகள் ஆயின. அப்பா வீட்டார் அம்மாவைக் கத்தோலிக்கராக மாறி வரச் சொன்னார்கள். அம்மாவின் பெரியப்பா, மாதா சுரூபம் வைத்த வீட்டில் பெண் கொடுப்பதில்லை என்றார். அம்மா யாரிடமும் சண்டை போடவில்லை. வேறு மாப்பிள்ளை பார்க்கவும் விடவில்லை. கடைசியில் பங்குச் சாமியார் ஆயரிடம் அனுமதி வாங்கி, அம்மா தம் சபையிலேயே இருக்கலாம், பிள்ளைகள் மட்டும் கத்தோலிக்கராக வளர வேண்டும் என்றார். அம்மா ஒரு வாரம் யோசித்தார்.

"சரி சாமி. ஆனா வீட்டுல வேதம் சொல்லிக் குடுக்கது நான். அதுல யாரும் தலையிடப்பிடாது."

"தலையிட எனக்கென்ன பைத்தியமா?" என்றாராம் சாமியார்.

என்னையும் தம்பியையும் அப்படித்தான் வளர்த்தார். மாலையில் முதலில் அப்பாவின் செபமாலை. பிறகு அம்மாவின் வேதவாசிப்பு. செபமாலையில் அம்மாவும் உட்காருவார். 'அருள் நிறைந்த மரியே' என்பதை எங்களோடு சொல்வார். பாதியில் வாயை மூடிக்கொள்வார். சிறுமியாக இருந்தபோது காரணம் கேட்டேன்.

"முதல் பாதி லூக்கா சுவிசேஷத்துல இருக்கு மக்கா. ரெண்டாம் பாதி, நமக்காக வேண்டிக்கொள்ளும்னு மரியாள்ட்ட கேக்கது, இல்ல."

வேதத்தில் எழுதியிருப்பது போதும் என்பது அம்மாவின் பக்கம். எழுதியதும், அப்போஸ்தலர் காலம் முதல் சபை வழிவழியாய்க் காத்துவந்ததும் சேர்ந்ததே விசுவாசம் என்பது அப்பாவின் பக்கம். மீன்குழம்பு கொதித்து அடங்கும் நேரத்துக்குள் எங்கள் வீட்டில் பல நூற்றாண்டுச் சண்டை ஒன்று நடந்து முடிந்துவிடும்.

"எந்தெந்தப் புத்தகம் வேதத்துல சேரும்னு வேதத்துல எங்க எழுதிருக்கு? சபைதான முடிவு பண்ணிச்சு?" என்பார் அப்பா.

"தங்கத்த உரசிப் பாக்கவன் தங்கத்த உண்டாக்கினவனா? சபை உரசிப் பாத்துச்சு. அவ்வளவுதான்."

"உரசினவன் சொல்லாம உனக்குத் தங்கம்னு தெரியுமா ஏட்டி?"

"கொழம்புக்கு உப்பு பாருங்க."

அப்பாவின் வேதாகமத்தில் அதிகமாக இருந்த புத்தகங்களை மறுப்பதற்காகவே அம்மா ஒரு கோடை முழுக்க அவற்றைப் படித்தார். அவற்றுள் ஒன்றான தோபித்து புத்தகத்தில், தோபித்தின் மகன் வானதூதரோடு பயணம் போகிறான், பின்னாலேயே அவன் நாயும் போகிறது என்ற இடத்தில் மறுப்பு நின்றுபோயிற்று. அந்தக் கதையை எங்களுக்கு எத்தனையோ தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் முடிவில், "நல்ல கதை. வேதம் இல்ல. ஆனா நல்ல கதை" என்பதையும் சேர்த்துக்கொள்வார். அடுத்த ஆண்டு வந்த நாய்க்குட்டிக்குத் தோபி என்று பேர் வைத்தவரும் அவர்தான்.

இவ்வளவு வாதமும் விளையாட்டாக இல்லாமல் போனது ஒரு தடவைதான். சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். அதை அடுத்து வந்த கல்லறைத் திருநாளன்று குடும்பமே மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போனது. அம்மாவும் வந்தார், மெழுகுவர்த்தி இல்லாமல். சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க வேதம் நல்லாத் தெரிஞ்சவங்க. அவருக்காக ஒரு செபம் சொல்லுங்க. நீங்க சொன்னா ஆண்டவர் கேப்பாரு."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். இறந்தவருக்காக அம்மா ஒருநாளும் ஜெபித்ததில்லை. தம் தகப்பனாருக்காகக்கூட இல்லை. மாட்டேன் என்றால் சித்தி உடைந்துபோவார். சரி என்றால் அம்மா தம் மனசாட்சிக்கு எதிராக நிற்க வேண்டும். அப்பாவே முன்வந்து பேச வாயெடுத்தார். அம்மா அதற்குள் ஈர மணலில் சித்தியை உட்காரவைத்து, தாமும் பக்கத்தில் உட்கார்ந்தார். வேதத்தில் உள்ள ஒரு சங்கீதத்தை முழுதுமாக மனப்பாடமாய்ச் சொன்னார். பிறகு சித்திக்காகவும் அவர் பிள்ளைகளுக்காகவும் ஜெபித்தார். சித்தி அம்மாவின் தோளில் சாய்ந்து, அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா மெதுவாகக் கேட்டார்: "தம்பிக்குச் செபம் சொல்லியாச்சுல்லா?"

"நான் சொன்னது உயிரோட இருக்கவங்களுக்கு."

"அவன் உயிரோட இல்லன்னு உன் வேதத்துல எங்க எழுதிருக்கு?"

அம்மா அடுக்களைக்குப் போய்விட்டார். வெகுநேரம் கழித்து அங்கிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. "படிச்ச கள்ளன்," என்று அப்பாவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு அம்மா கடற்கரைப் பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். கூடவே வேதமும் வாசித்துக் காட்டினார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்குத்தான் கதையின் மீதி. தோபித்தைக் கேட்கவே பலர் மாத்திரை சாப்பிட்டார்கள்.

கடைசி ஆண்டில் அம்மாவின் இதயம் தளர்ந்தது. கட்டிலருகே அப்பா செபமாலை சொல்வார். அம்மாவுக்குப் பிடிக்காதே என்று இரண்டாம் பாதியைத் தம் வாய்க்குள் முணுமுணுப்பார். ஒருநாள் அம்மா கண்ணைத் திறந்தார்.

"சத்தமா முழுசும் சொல்லுங்க. பாதியில நிறுத்தினா எனக்கு உறக்கம் வரமாட்டேங்கு."

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில், மாமாமார் சபைப் பாட்டு பாடிக்கொண்டிருக்க, அமைதியாக அம்மா கண்மூடினார். அவர் விரும்பியபடி அவருடைய சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். கல்லில் என்ன வெட்டுவது என்ற பேச்சு வந்தபோது, ஆன்மா இளைப்பாற வேண்டுகிற செபத்தை வெட்டலாம் என்றார் எங்கள் உறவினர் ஒருவர். "அவளுக்குச் சம்மதமில்லாதத அவ தலைமாட்டுல வைக்கப்பிடாது," என்று அப்பா தடுத்துவிட்டார். அம்மாவின் வேதாகமத்தில் இருந்தே ஒரு வசனத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அம்மாவை வீட்டில் கிடத்தியிருந்த அன்று, செபமாலை முடியும்வரை மாமரத்தடியில் காத்து நின்று, பிறகு உள்ளே வந்து பாடிய அம்மாவின் சபைப் பாடகர் குழுவினருக்கும், அவர்கள் பாடும்போது மரியாதையாகத் தலைமுக்காட்டை எடுக்காமல் உடன் நின்ற எங்கள் கடற்கரைச் சகோதரிகளுக்கும் நன்றி. ஒருவருக்கொருவர் நாற்காலி கொடுத்துக்கொண்ட போதகருக்கும் பங்குத்தந்தைக்கும், இரவு பகலாய்த் துணையிருந்த மருத்துவருக்கும், அம்மாவோடு பணிசெய்த செவிலியர்களுக்கும், வேலைக்கு விடுப்பெடுத்து வந்து தங்கிய மாமாமாருக்கும், எங்களைப் பட்டினி கிடக்க விடாத சித்திக்கும் என்ன சொன்னாலும் போதாது.

முதலாண்டு நிறைவான இன்று காலை அப்பாவின் கோயிலில் அம்மாவின் ஆன்மாவுக்காகத் திருப்பலி. மாலை அம்மாவின் சபையில் நன்றி ஆராதனை. நடுவில் எல்லோருக்கும் நம் வீட்டில் சாப்பாடு. இரண்டும் எதற்கு, ஒன்று போதாதா என்று ஏற்பாடு செய்யும்போதே தம்பி கேட்டான். அப்பா தோசையைப் பிட்டபடியே சொன்னார்:

"அவ சொன்னது சரின்னா சாயங்காலம் உள்ளது போதும். நான் சொன்னது சரின்னா காலையில உள்ளது வேணும். யாரு சரின்னு அவளுக்கு இப்பத் தெரியும் மக்கா. நமக்குத் தெரியாதுல்லா? அதனால ரெண்டுக்கும் போவோம்."

அன்பு மகள்