பழைய இரும்பு வரிசையில் ஒரு காந்தப் படலம்

குறிப்பிட்ட தூரத்தில் வைத்த திசைகாட்டியின் முள்ளைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் திருப்பாத பொட்டலத்தை, விமானச் சரக்கில் காந்தப் பொருளாகக் கருத வேண்டியதில்லை. விதி அவ்வளவுதான். உரிமப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெளிவாக எழுதப்பட்ட விதிகளை அதிகம் பார்த்ததில்லை என்பதால் இது மனத்தில் தங்கிவிட்டது.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் என் மகள் வெளிநாட்டுக்கு அனுப்பிய பொட்டலத்தைத் திசைகாட்டியின் மேலேயே வைத்தாலும் முள் சோம்பல் முறிக்காது. உள்ளே இருந்தது சுண்டுவிரல் நகத்தளவு சில்லு. அடியில் ஒரு படிகம். மின்னழுத்தம் கொடுத்தால் இம்மியளவு நீளும். அதன்மேல் முடியைவிடப் பல மடங்கு மெல்லிய காந்தப் படலம். படிகம் நீளும்போது ஒட்டியிருக்கும் படலமும் இழுபடும். இழுபட்டால் அதன் காந்தத் திசை திரும்பும். கம்பிச்சுருள் வேண்டாம், சூடு கிடையாது, மின்சாரமும் சொற்பமே செலவாகும்.

மின்னழுத்தத்தை எடுத்த பிறகும் அது திரும்பியபடியே நிற்கிறதா என்று பார்க்க, வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று அவளுக்கு செப்டம்பர் கடைசி வாரத்தை ஒதுக்கியிருந்தது. நின்றால் பல்கலைக்கழக ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் ரவாங் ஊர்ப் பக்கம் ஏதாவது தொழிற்சாலை வேலைதான். செய்த சில்லுகளில் ஒழுங்காக வந்தது அது ஒன்றுதான்.

கூரியர் கடைக்காரர் பொருளின் விவரத்தை மலாயில் நிரப்பினார். காந்தத்துக்கு மலாயில் ‘பெசி பெரானி’ என்று பெயர்; துணிச்சலான இரும்பு. இரும்பைக் குறிக்கும் ‘பெசி’ என்ற முதல் சொல்லிலேயே கணினிக்குத் திருப்தி. பொட்டலம் பழைய இரும்பு ஏற்றுமதி வரிசையில் போய் நின்றது.

கோலசிலாங்கூரிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளின் பின்னால் ஊர்ந்து நானும் மகளும் விமானச் சரக்குக் கூடத்துக்குப் போனோம். முகப்பில் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள்.

“பெசின்னு போட்ருக்கு அங்கிள். எத்தன டன்னு?”

“நகத்தளவும்மா.”

“நகத்துக்கு எதுக்கு அங்கிள் பெர்மிட்டு?”

“அதத்தான் நானும் கேக்க வந்தேன்.”

சிரித்துவிட்டாள். விவரத்தைத் திருத்திக் கொடுக்கச் சொன்னாள். மகள் கவனமாக, மெல்லிய காந்தப் படலம் என்று மலாயில் எழுதினாள். படலத்துக்கு மலாயில் ‘பிலெம்’; சினிமாவுக்கும் அதே சொல்தான். அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

“பிலெமா? படம்னா தணிக்கைக்குப் போவணும் லா.”

“ஹீரோ யாருன்னு கேக்கலியே,” என்றேன். மகள் என் காலை மிதித்தாள்.

அன்று முதல் பொட்டலத்துக்கு இரண்டு எசமானர்கள். இரும்பு இல்லை என்று ஒரு பிரிவு சொல்ல வேண்டும், சினிமா இல்லை என்று இன்னொரு பிரிவு. இருவரும் சொல்லும்வரை விண்ணப்பம் நிலுவை. நிலுவையில் உள்ள பொருளைத் திரும்பப் பெறவும் முடியாது. அந்த விதியின் எண்ணையும் எனக்குச் சொல்லத் தெரியும்.

கடிதம், நினைவூட்டல், மேலதிகாரிக்கு நகல் என்று முறைப்படி எல்லாம் செய்தேன். தொலைபேசியில் எடுத்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். மரியாதையாகப் பேசுகிறவரோடு சண்டையும் போட முடியவில்லை. மகள் வீட்டிலேயே கிடந்தாள். ஒருநாள் வற்புறுத்திப் பாசிர் பெனம்பாங்குக்கு மீன் சாப்பிட அழைத்துப் போனேன். முள்ளை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஒங்களுக்கு எல்லா ரூலும் தெரியும்பா. ஒரு ஆளக்கூடவா தெரியாது?”

“தெரிஞ்சவன்லாம் ரிட்டயர் ஆயிட்டாம்மா.”

“சின்ன வோல்டேஜ் குடுத்தாலே அது திரும்பிரும்பா. இங்க என்ன குடுத்தாலும் ஒன்னும் அசைய மாட்டேங்குது.”

ஐஸ் தண்ணீர் இன்னொன்று கொண்டுவரச் சொன்னேன்.

செப்டம்பர் கடைசி வாரம் வந்தது. அவளுக்கு ஒதுக்கிய கருவியில் வேறு யாரோ வேறு எதையோ அளந்தார்கள். மறுபடி வரிசையில் நிற்கலாம் என்று ஆய்வுக்கூடம் அன்போடு எழுதியது. வரிசையில் நிற்க ஒப்பந்தம் இருக்க வேண்டுமே. புக்கிட் செந்தோசாவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, ரவாங் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலைக்குப் போனாள். பெட்டியைக் காரில் வைத்தபோது, “இனிமே ரிமைண்டர் போடாதீங்கப்பா,” என்றாள். போட்டேன்.

பதில் ஒரே வரிதான். இப்பொருள் இரும்பும் அன்று, திரைப்படமும் அன்று. ஆகவே அனுமதி எதுவும் தேவையில்லை. அந்தக் கடிதம் என் கைக்கு வந்தது அக்டோபர் பதினேழாம் தேதி.