தாமோதரன் சார் திருத்திய ஒரு சொல்

அமீர்பேட் மெட்ரோ நிலையத்தில் வண்டி மாறுவதற்காகப் படியிறங்கிக்கொண்டிருந்தபோது சுஜாதாவின் அழைப்பு வந்தது. தாமோதரன் சாரின் மகள். அப்பா தமிழில் பேசினால் தெலுங்கில் பதில் சொல்லியே வளர்ந்த பெண். அன்று தமிழிலேயே பேசினாள். "ஆன்ட்டி, அப்பா போயிட்டாரு. காலையில காபி குடிச்சாரு, பேப்பர் படிச்சாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றாள். கோச்சிங் வகுப்புக்கு ஓடும் பிள்ளைகள் இரண்டு பக்கமும் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். அன்றைய வழக்குகளைப் பார்த்துக்கொள்ளும்படி தோழி ஒருத்தியிடம் சொல்லிவிட்டு சிகந்தராபாத் வண்டியில் ஏறினேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தமிழ்ச் சங்கத்து ஆளாகத் தெரியும். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க முதலில் எழுபவர், பொங்கல் நாடகத்துக்கு வசனம் டைப் அடித்துக் கொடுப்பவர். எனக்கு அவர் ஒன்பது வருடம் என் அலுவலகத்தில் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரர் காலத்தில் பட்டாளத்தோடு வந்து சிகந்தராபாத்திலேயே தங்கிவிட்டவர். சார், நகரத்திலிருந்து மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றார். பிறகு, தெலுங்கில் இருக்கும் புகார்களையும் வாக்குமூலங்களையும் ஆங்கிலமாக்கித் தர என்னிடம் வந்தார். நான் திருநெல்வேலிக்காரி. கணவருக்கு ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை என்பதால் இங்கே வந்தவள். என் தெலுங்கு வாதாடப் போதும், மொழிபெயர்க்கப் போதாது.

வந்த முதல் நாள் "ஏசி பக்கமா உட்கார்றீங்களா சார்?" என்று கேட்டேன். "நக்கோ மேடம், ஃபேன் போதும். காகிதம் பறக்காம இருக்க ஒரு கல்லு மட்டும் குடுங்க" என்றார். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுச் சொல்லான 'நக்கோ'; அவருடைய தமிழ் அப்படித்தான் இருக்கும். எங்கள் ஊர்த் தமிழுக்கு அவர் சிரிப்பார், அவர் தமிழுக்கு நான் சிரிப்பேன். இருவருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அவர் சேர்ந்த மூன்றாவது வருடம் எல்லம்மா வந்தார். பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு, ஷேர் ஆட்டோவும் பஸ்ஸுமாக மாறி நேராக வந்திருந்தார். பிளாஸ்டிக் பையில் ஒரு தீர்ப்பின் நகல். அவருடைய கணவர் மல்லேஷுக்கும் பங்காளிகளுக்கும் இரண்டு ஏக்கர் நிலத்தில் தகராறு. எல்லைக் கல்லைப் பிடுங்கிப் போட்டவர்களைத் தட்டிக்கேட்ட மறுநாள், விதைத்துக்கொண்டிருந்த மல்லேஷை நான்கு பேர் வந்து சூழ்ந்தார்கள். வெட்டு விழுந்து அவர் இறந்ததைப் பார்த்தவர்கள் மூன்று பேர். அவர்களில் இருவர் நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியானார்கள். மிஞ்சியவர் எல்லம்மா மட்டும்.

அவரை நீதிமன்றம் நம்பவில்லை. சாட்சி குன்றின் மேல் நின்றதாகத் தானே சொல்லியிருக்கிறார், குன்று வயலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது, அங்கிருந்து யார் கையில் கோடரி இருந்தது என்று கண்டிருக்க முடியாது என்று சொல்லி நான்கு பேரையும் விடுதலை செய்திருந்தார்கள். சாட்சியத்தைக் கேட்ட நீதிபதி அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். பின்னால் வந்தவர் காகிதத்தில் இருந்ததை வைத்துத்தான் எழுதினார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யவில்லை. பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்ய சட்டத்தில் இடம் உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டு எல்லம்மா என்னைத் தேடி வந்தார். ஊருக்குத் திரும்ப முடியாது. விடுதலையானவர்கள் அவருடைய நிலத்தையும் சேர்த்து உழுதுகொண்டிருந்தார்கள்.

வழக்கு ஆவணங்களை வரவழைத்துச் சாரிடம் கொடுத்து, எல்லம்மா போலீஸில் முதலில் கொடுத்த தெலுங்குப் புகாரை மொழிபெயர்க்கச் சொன்னேன். கீழேயுள்ள இரானி கடையிலிருந்து டீ வந்திருந்தது. சார் பாதி குடித்திருப்பார். எழுந்து என் மேசைக்கு வந்தார். நீதிமன்றத்தில் பதிவான எல்லம்மாவின் சாட்சியத்தை என் முன் வைத்து, கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்த சிறிய கையெழுத்தைக் காட்டினார்.

"மேடம், இது என் கை."

எனக்கு உடனே புரியவில்லை. அந்த நீதிமன்றத்தில் அன்று சாட்சியத்தைத் தட்டச்சு செய்தவர் தான்தான் என்று அவர் விளக்கினார். தெலுங்கில் 'கட்டு' என்றால் வயல் வரப்பு. குன்று என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. புகாரில் எல்லம்மா 'பொலம் கட்டு', அதாவது வயல் வரப்பு, என்று சொல்லியிருந்தார். நீதிமன்றத்தில் வெறும் 'கட்டு' என்றார். அதைக் கேட்டு அப்படியே ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டு போன தாமோதரன் சார் 'குன்று' என்று அடித்துவிட்டார். வரப்பில், பத்தடியில் நின்றவரை, ஒரே சொல்லில் குன்றின் மேல் ஏற்றிவிட்டார்.

"எத்தனையோ சாட்சி அடிச்சிருப்பீங்க சார். இது எப்படி ஞாபகம் இருக்கும்?"

"ஆயிரம் அடிச்சிருப்பேன். இது இருக்கு. ஏன்னா, அன்னிக்கி எனக்கே சந்தேகம் வந்துச்சு."

அதைப் பிரமாணப் பத்திரமாகத் தருவதாகச் சொன்னார். நான் தயங்கினேன். ஓய்வு பெற்றவர். துறை விசாரணை வரலாம், ஓய்வூதியத்தில் கை வைக்கலாம். எதிர்த்தரப்பு, காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார் என்று சொல்லும். அதுவும் என் அலுவலகத்தில் இருப்பவர். "புகாரும் இடத்தின் வரைபடமும் கையில இருக்கு. உங்க பேரு வராமலே நடத்தலாம் சார்" என்றேன்.

"நடத்தலாம். ஜெயிக்க முடியுமா?"

நீதிமன்றப் பதிவே சரி என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அப்ப எழுதுங்க மேடம்" என்றார். அன்றே என் அலுவலக வேலையிலிருந்தும் விலகிக்கொண்டார். வழக்கு முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார்.

வீட்டில் சுஜாதா பெரிய சண்டை போட்டிருக்கிறாள். "எவரடிகாரு நின்னு?" என்று கேட்டாளாம். உன்னை யார் கேட்டார்கள் என்று. "யாரும் கேக்கல, அதான் நான் சொல்றேன்" என்றாராம் அப்பா. இதை அவளே என்னிடம் பின்னால் சொன்னாள். சொல்லும்போது கோபம் இல்லை.

எல்லம்மாவிடம் அவரே சொன்னார். நான் சொல்கிறேன் என்றதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. நின்றுகொண்டேதான் சொன்னார். எல்லம்மா கத்துவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தெலுங்கில் மெதுவாகக் கேட்டார்: "நான் சொன்னதை அவங்க நம்பலைன்னு நெனச்சிட்டிருந்தேன். அப்ப நான் சொன்னது அவங்ககிட்ட போய்ச் சேரவே இல்லையா?"

"சேரல அம்மா. நடுவுல நான் இருந்தேன்."

எல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகம் முதலில் வந்தபோது இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது என்றுதான் எனக்கு நினைவு. தன்னைப் பொய்க்காரி என்று யாரும் முடிவு கட்டவில்லை என்பதே அவருக்கு ஏதோ திரும்பக் கிடைத்தது போலிருந்தது.

உயர் நீதிமன்றம் எங்கள் மனுவை ஏற்று, கூடுதல் சாட்சியம் பதிவுசெய்ய அதே செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு உத்தரவிட்டது. அப்படியாக, தாமோதரன் சார் பல வருடம் தட்டச்சு செய்த அறையிலேயே கூண்டில் ஏறினார். அவருடைய பழைய நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர்.

"அன்று சந்தேகம் வந்தது என்கிறீர்கள். வந்ததும் என்ன செய்தீர்கள்?"

இதற்குச் சார் பதில் சொல்ல விரும்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னார்: "பக்கத்திலிருந்த பெஞ்ச் கிளார்க்கிடம் கட்டு என்றால் குன்றுதானே என்று கேட்டேன். அவர் ஏதோ காகிதத்தைத் தேடிக்கொண்டே தலையாட்டினார்."

"உங்கள் பிரமாணப் பத்திரத்தில் அவர் பெயரே இல்லையே. அவர் இப்போது எங்கே?"

"இறந்துவிட்டார்."

"வசதியாக இறந்துவிட்டார்."

"அதனால்தான் எழுதவில்லை ஐயா. சொன்ன அம்மா எனக்கு மூன்றடி தூரத்தில் நின்றார். அவரைக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். தவறு என்னுடையது."

வழக்கறிஞர் விடவில்லை. "சாட்சி குன்று என்றே சொல்லியிருக்கலாம் அல்லவா?"

"அந்த ஊரில் குன்றுக்கு 'குட்ட' என்பார்கள். கட்டு என்றால் அவர்களுக்கு வரப்பு மட்டும்தான். பட்டணத்தில் வளர்ந்த எனக்குத்தான் குழப்பம்."

அடுத்து எல்லம்மா கூண்டில் ஏறினார். எங்கே நின்றீர்கள் என்று நீதிபதி கேட்டதும், நடுவில் வேறு யாரும் பேசுவதற்குள், கையால் தரையில் கோடு இழுப்பது போலக் காட்டி, "இங்கே அவர், இங்கே நான்" என்றார்.

மேல்முறையீடு முடிய மேலும் இரண்டு வருடமானது. விடுதலையை ரத்து செய்வது எளிதில் நடப்பதில்லை. ஒருமுறை விடுவிக்கப்பட்டவரை மீண்டும் குற்றவாளி என்று சொல்ல நீதிபதிகள் யோசிப்பார்கள், யோசிக்கவும் வேண்டும். கடைசியில் நால்வரில் இருவருடைய விடுதலை ரத்தாகி ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மற்ற இருவருடைய விடுதலை நிலைத்தது. எல்லம்மா மனம் உடைவாரோ என்று பார்த்தேன். "இவங்க ரெண்டு பேருதான் மேடம் வெட்டினது. மத்தவங்க நின்னுட்டிருந்தாங்க. நான் முதல்லயே அதானே சொன்னேன்" என்றார்.

தீர்ப்பில் ஸ்டெனோவின் கவனக்குறைவைக் கண்டித்து ஒரு பத்தி இருந்தது. அடுத்த வரியில் அவருடைய நேர்மையையும் குறிப்பிட்டிருந்தார்கள். சார் முதல் பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்து, "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். துறையிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. தவறை ஒப்புக்கொண்டு நான்கு வரியில் பதில் எழுதினார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சுஜாதா இனிப்பு வாங்கி வந்து அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தாள். எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை.

எல்லம்மாவுக்கு நிலம் திரும்பக் கிடைத்து முதல் விளைச்சல் வந்தபோது எங்கள் இருவரையும் அழைத்தார். கார் பிடித்துப் போனோம். மக்காச்சோளம் ஆளுயரம் நின்றது. சார் யாரிடமும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஏறினார். நானும் பின்னால் போனேன். தூரத்தில் அந்தக் குன்று ஒரு கவிழ்த்த சட்டி போலத் தெரிந்தது. அதன் மேல் மேய்ந்தவை ஆடா மாடா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சார் குன்றைப் பார்த்தார், காலடியைப் பார்த்தார், மல்லேஷ் விழுந்த இடத்தைப் பார்த்தார்.

"இத்தன கிட்டயா மேடம்" என்றார்.

எல்லம்மா சோளத்தைச் சுட்டு எடுத்து வந்து முதலில் அவர் கையில்தான் கொடுத்தார். "ஊதி சாப்பிடு சார், சுடும்" என்றார். சார் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து முழுக் கதிரையும் சாப்பிட்டு, இன்னொன்று கேட்டு வாங்கினார். திரும்பும் வழியெல்லாம் பழைய இந்திப் பாட்டு. அவருக்குப் பாட வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தச் சாயங்காலம் போல நிறைவாக அவரை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

இறுதிச் சடங்குக்கு எல்லம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். சுஜாதாவின் கையைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தார். இருவரும் தெலுங்கில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை சுஜாதா சிரித்ததையும் பார்த்தேன். அப்பாவைப் பற்றித்தான் எல்லம்மா ஏதோ சொல்லியிருப்பார்.

தவறே செய்யாதவர் என்று அவரைப் பற்றி நான் சொல்லமாட்டேன். சொன்னால் அவருக்கே பிடிக்காது. அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு பழக்கம். சென்ற வாரம், நிலத்தை இழந்த ஒரு பெரியவர் என் முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் எனக்குத் தெரியாத ஒரு சொல் வந்தது. அலமாரியில் இருந்த அகராதியை நோக்கிப் போன கையைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். "ஐயா, இப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களே, அப்படின்னா என்ன?" என்று கேட்டேன். இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை போலும். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, தான் எங்கே நின்றார் என்று காட்டத் தொடங்கினார்.